வெயில், மழை, பனி, டியூட்டி: மிலிட்டரி பூட்ஸ் எப்படி பார்த்து எடுக்கறது?

ட்ரெய்னிங்ல சேரப் போறேன், வெயில் மழை குளிர்னு எல்லாத்துலயும் டியூட்டி இருக்கும், கால் வலிக்காத மாதிரி எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல மிலிட்டரி பூட்ஸ் சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க. நேரா சொல்லிடறேன், எல்லா சீசனுக்கும் பொருந்தற ஒரே பூட்ஸ்னு ஒண்ணு கிடையாது. வாட்டர்ப்ரூஃபும் வேணும், காத்தும் போகணும், லைட்டாவும் இருக்கணும், பனியிலயும் சூடா இருக்கணும்னா அதுல எதையாவது ஒண்ணை விட்டுக்கொடுத்தே ஆகணும். எதை விட்டுக்கொடுக்கறதுன்னு முடிவு பண்றதுதான் பூட்ஸ் தேர்வு. பல வருஷம் இதைப் போட்டு நடந்தவன், அப்புறம் ஸ்டோர்ஸ்ல உட்கார்ந்து மத்தவங்களுக்கு இஷ்யூ பண்ணவன்ங்கற முறையில, நான் எந்த வரிசையில பார்ப்பேனோ அப்படியே எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும்.

பிராண்டுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி, உங்க கால் எதால ஈரமாகப் போகுது? வெளியிலேர்ந்து வர்ற தண்ணியா, உள்ள ஊறுற வேர்வையா? காலைக் கெடுக்கறது பெரும்பாலும் ஈரம்தான். ஈரமான தோல் மெத்துன்னு ஆகும், அதுமேல சாக்ஸ் உரசும், சூடாகும், கொப்புளம் வரும், அது உடைஞ்சா புண்ணு. அதே ஈரம் குளிர்ல இருந்தா நரம்பையே பாதிக்கும். முதல் உலகப் போர்ல பதுங்குகுழித் தண்ணியில நின்னு நின்னு கால் அழுகினவங்க கதை எல்லாருக்கும் தெரியும், ஆனா 1982 ஃபாக்லாந்து சண்டையிலகூட பிரிட்டிஷ் சிப்பாய்ங்க நிறைய பேருக்கு அதே பிரச்சனை வந்துச்சு, அவங்க போட்டிருந்த பூட்ஸ் தண்ணி உள்ள விட்டுது, காய வைக்க வழி இல்ல. இதுக்கு ஐஸ் உறையற குளிர்கூட தேவையில்ல, 0 டிகிரிக்கு மேல, 15 டிகிரி வரைக்கும் இருக்கற ஈரக்குளிர்ல மணிக்கணக்கா நனைஞ்ச காலோட இருந்தாலே போதும். அதனால குளிர்காலம்னா பனி மட்டும்னு நினைக்காதீங்க.

அடுத்து ஃபிட்டிங். எவ்வளவு நல்ல பூட்ஸா இருந்தாலும் ஃபிட்டிங் தப்புன்னா வீண், சுமாரான பூட்ஸ் சரியா பொருந்தினா ஓட்டிடலாம், அதனால இதுல கொஞ்சம் நிதானமா நில்லுங்க. சாயங்காலம் அளவு பாருங்க, ஏன்னா நாள் முழுக்க நடந்தா கால் வீங்கும், காலையில கரெக்டா இருந்தது மத்தியானம் இறுக்கும். டியூட்டிக்கு எந்த சாக்ஸ் போடப் போறீங்களோ அதையே போட்டுப் பாருங்க. ரெண்டு காலும் ஒரே அளவா இருக்காது, பெரிய காலுக்குத்தான் சைஸ். முதல்ல இன்சோலை (பூட்ஸுக்குள்ள பாதத்துக்கு அடியில இருக்கற தனி மெத்தையை) வெளிய எடுத்து தரையில வெச்சு அது மேல முழு வெயிட்டையும் போட்டு நில்லுங்க, நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல இடம் இருக்கணும், பாதம் ரெண்டு பக்கமும் இன்சோலைத் தாண்டி வழியக் கூடாது. வழிஞ்சா அந்த பூட்ஸ் அகலம் பத்தாது, நீளத்துல ஒரு சைஸ் ஏத்தி சரி பண்ணிடலாம்னு நினைக்காதீங்க, அப்படிப் பண்ணா பூட்ஸ் மடங்கற இடம் உங்க விரல் மடங்கற இடத்துக்கு முன்னாடி போயிடும், குதிகாலும் ஆடும்.

அப்புறம் லேஸ் கட்டாம காலை உள்ள விட்டு முன்னாடி தள்ளுங்க, விரல் முன்பக்கம் தொட்டதும் குதிகாலுக்குப் பின்னாடி ஒரு விரல் போகணும். இப்போ பின்னாடி தட்டி, குதிகாலை நல்லா ஒட்ட வெச்சு லேஸைக் கட்டி, ஒரு சரிவுல இல்லேன்னா மாடிப்படியில இறங்கிப் பாருங்க. இறங்கும்போது பெருவிரல் முன்னாடி போய் இடிச்சா அந்த ஜோடி வேண்டவே வேண்டாம், முதல் நீண்ட மார்ச்லயே நகம் கருத்துடும். ஏறும்போது குதிகால் துளி தூக்கும், புது சோல் விறைப்பா இருக்கறதால அது சகஜம், ஆனா லேஸை இறுக்கின பிறகும் குதிகால் தனியா மேல கீழ போனா கொப்புளம் நிச்சயம். பெண்கள் இதுல இன்னும் கவனமா இருக்கணும், குதிகால் ஒடுக்கமாவும் முன்பாதம் அகலமாவும் இருக்கறது சகஜம், ஆண்களுக்கான அச்சுல செஞ்ச சின்ன சைஸைக் கொடுத்தா முன்னாடி பிடிக்கும் பின்னாடி ஆடும், அதனால பெண்களுக்குன்னு தனி அச்சுல செஞ்சது இருக்கான்னு கேளுங்க. சில ராணுவ பூட்ஸ்ல சைஸ் 270/104 மாதிரி ரெண்டு நம்பரா இருக்கும், மாண்டோபாயின்ட்னு பேரு, முதல் நம்பர் பாதத்தோட நீளம் மில்லிமீட்டர்ல, ரெண்டாவது அகலம். இப்படி இருக்கற பூட்ஸ் கிடைச்சா வேலை சுலபம், ஒரு பேப்பர்ல காலை வரைஞ்சு அளந்துட்டா போதும்.

இப்போ வெயில் காலம். சூடா, காய்ஞ்ச, மணல் பாங்கான இடம்னா ஸ்வேட் மாதிரி சொரசொரப்பான பக்கம் வெளிய இருக்கற லெதர், நடுவுல நைலான் துணி, உள்ள வாட்டர்ப்ரூஃப் லேயர் எதுவும் இல்லாத டிசர்ட் பூட்ஸ்தான் சரி. இதுல பக்கவாட்டு ஓட்டை இருக்கக் கூடாது, மணல் உள்ள போயிடும். அமெரிக்க ராணுவம் ஜங்கிள் பூட்ஸையே கொண்டுபோய் பாலைவனத்துல போட்டுப் பார்த்துச்சு, ஓட்டை வழியா மணல் வந்துது, சோல்ல இருந்த இரும்புத் தகடு தரையோட சூட்டை காலுக்கு ஏத்துச்சு, அதுக்கப்புறம் ரெண்டையும் எடுத்துட்டுத்தான் டிசர்ட் மாடல் செஞ்சாங்க. இந்த சொரசொரப்பு லெதருக்கு பாலிஷ் போடாதீங்க, பிரஷ்ஷால தட்டி விட்டாலே போதும்.

சூடும் புழுக்கமும் மழையும் சேர்ந்து இருக்கற இடம், காடு, ஓடை, சதுப்பு, இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. மழைன்னதும் வாட்டர்ப்ரூஃப் மெம்ப்ரேன், அதாவது தண்ணியை உள்ள விடாம வேர்வை ஆவியை மட்டும் வெளிய விடற மெல்லிய லேயர், இருக்கற பூட்ஸை எடுக்கறாங்க. கோர்-டெக்ஸ் மாதிரி மெம்ப்ரேன் எப்படி வேலை செய்யுதுன்னா உள்ள சூடா ஈரமா இருக்கணும், வெளிய குளிர்ச்சியா காய்ஞ்சு இருக்கணும், அந்த வித்தியாசம்தான் வேர்வை ஆவியை வெளிய தள்ளுது. வெளியிலயும் அதே சூடு அதே புழுக்கம்னா ஆவி எங்க போகும்? உள்ளயே நிக்கும். அதோட முழங்கால் அளவு தண்ணியில இறங்கினா மேல்வாய் வழியா உள்ள போன தண்ணி வெளிய வர வழியே இல்ல, ரெண்டு காலுலயும் ஒரு வாளியைக் கட்டிக்கிட்டு நடக்கற மாதிரி இருக்கும், காயறதுக்கு ஒரு நாளுக்கு மேலயும் ஆகலாம். இந்த மாதிரி இடத்துக்கு கால் நனையும்னு ஒத்துக்கிட்டு, சீக்கிரம் வடியற பூட்ஸ் எடுக்கறதுதான் புத்திசாலித்தனம். வியட்நாம்ல அமெரிக்கர்கள் போட்ட ஜங்கிள் பூட்ஸ் இதுக்குத்தான் உருவானது, உள்பாத ஓரத்துல வலை வெச்ச சின்ன ஓட்டை, நைலான் மேல்பகுதி, நடக்க நடக்க தண்ணி தானா பீய்ச்சி வெளிய போகும். அதோட பனாமா சோல்னு ஒண்ணு, சாய்வான ரப்பர் கட்டைங்க, நடுவுல அகலமான இடைவெளி, கால் மடங்கும்போது சேறு தானா உதிர்ந்துடும். நெருக்கமான சின்னச் சின்ன பட்டன் சோல் சேத்துல நிரம்பிட்டா வழவழன்னு ஆயிடும், சேத்துல நடக்கணும்னா சோலைத் திருப்பி அந்த இடைவெளியைப் பாருங்க.

அப்போ மெம்ப்ரேன் எப்போ நல்லது? குளிர்ச்சியான மழை, காலைப் பனித்துளி ஊறின புல்லு, உருகற பனி, தண்ணி கணுக்காலைத் தாண்டாத இடம். இங்க அது நிஜமாவே காலைக் காப்பாத்தும். ஆனா அந்த பூட்ஸுக்கு மெழுகு பாலிஷை அப்பி அப்பிப் பூசினா லெதரோட துளை அடைஞ்சு மூச்சு விடாது, அதுக்குன்னு இருக்கற காத்து போகற வாட்டர்ப்ரூஃப் ஸ்ப்ரே இல்லேன்னா க்ரீம் போடுங்க.

கடுங்குளிருக்கு வருவோம். இங்க முக்கியமான கேள்வி எத்தனை டிகிரிங்கறதைவிட, நடக்கறீங்களா நிக்கறீங்களாங்கறதுதான். தின்சுலேட் மாதிரி இன்சுலேஷன்ல (சூட்டை உள்ளயே பிடிச்சு வைக்கற உள் லேயர்) 200 கிராம், 400 கிராம், 800 கிராம்னு போட்டிருப்பாங்க, அது பூட்ஸோட வெயிட் இல்ல, ஒரு சதுர மீட்டர் இன்சுலேஷனோட எடை. ஓயாம நடக்கற பட்ரோலுக்கு 200 பொதுவா போதும், அதுக்கு மேல போனா வேர்த்துக் கொட்டும். ராத்திரி ஒரே இடத்துல சென்ட்ரியா காவல் நிக்கறவருக்கு அதே 200 பத்தாது, 800 இல்லேன்னா அதுக்கு மேல வேணும், ஏன்னா அவர் கால் ரொம்பக் கம்மியாதான் சூட்டை உண்டாக்கும். 1950 குளிர்காலத்துல கொரியாவுல அமெரிக்கர்கள் கிட்ட இருந்தது கீழ ரப்பரும் மேல லெதரும் வெச்ச ஷூபேக், அதைப் போட்டு மலையேறினா கால் வேர்த்து நனைஞ்சுது, ஏறி நின்னதும் அந்த வேர்வை அப்படியே உறைஞ்சு கால்விரல்ல பனிக்கடி. நடக்கறதும் நிக்கறதும் மாறி மாறி வர்ற டியூட்டிதான் இருக்கறதுலயே கஷ்டம், அங்க பூட்ஸைவிட நின்ன உடனே காய்ஞ்ச சாக்ஸ் மாத்தற பழக்கம்தான் காலைக் காப்பாத்தும். அந்தக் கொரியப் போர் நடக்கும்போதே வந்த மிக்கி மவுஸ் பூட்ஸ்னு கூப்பிடற கறுப்பு ரப்பர் பூட்ஸ்ல இன்சுலேஷனை ரெண்டு ரப்பர் சுவருக்கு நடுவுல சீல் பண்ணிட்டாங்க, கால் வேர்த்தாலும் இன்சுலேஷன் நனையாது, கறுப்பு மைனஸ் 29 டிகிரி வரைக்கும், அதோட வெள்ளை மாடல் மைனஸ் 54 வரைக்கும்னு கணக்கு. சூடு பிரமாதம், ஆனா வெயிட், கால் ஊறும், சாக்ஸ் அடிக்கடி மாத்தணும், நீண்ட நடைக்கு ஆகாது.

குளிர்ல இன்னும் ஒண்ணு, இது ரொம்ப முக்கியம். கால் சில்லுன்னு இருக்குன்னு இறுக்கமான பூட்ஸுக்குள்ள ரெண்டு தடிமனான சாக்ஸைத் திணிக்காதீங்க. ரத்த ஓட்டம் குறைஞ்சு இன்னும் சில்லுன்னுதான் ஆகும், விரலை உள்ள ஆட்ட முடியணும், அதுதான் டெஸ்ட். குளிர்கால ஜோடியை தடி சாக்ஸோட போட்டுப் பார்த்து, தேவைப்பட்டா அரை சைஸ் பெருசா எடுங்க. ஸ்டீல் டோ, அதாவது விரல் பக்கம் இரும்பு மூடி, இருந்தா அந்த இரும்பு குளிரைக் கடத்தும், கண்டிப்பா டோ காப்பு வேணும்னா இரும்பு இல்லாத காம்போசிட் மூடி பாருங்க. சோலும் சில ரகம் குளிர்ல கட்டை மாதிரி இறுகிடும், ஐஸ் மேல வழுக்கும், அதனால குளிருக்குன்னு செஞ்ச மிருதுவான ரப்பர் இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

டியூட்டி வாரியா பார்த்தா, நீண்ட நடை இருக்கறவருக்கு வெயிட்டுதான் முதல் விஷயம். கால்ல ஏத்தற 1 கிலோ முதுகுல சுமக்கற சுமார் 5 கிலோவுக்குச் சமமா உடம்பைக் களைப்பாக்கும்னு பொதுவா கணக்கு சொல்வாங்க. ஒரு ஜோடி 1.2 கிலோ, இன்னொரு ஜோடி 1.8 கிலோன்னா வித்தியாசம் 600 கிராம்தானேன்னு தோணும், ஆனா அது முதுகுல 3 கிலோ கூடுதல் மூட்டை. அதனால தேவையில்லாத ஸ்டீல் டோ, தேவையில்லாத உயரம் வேண்டாம். ஆனா பெரிய மூட்டையோட கல்லு கரடுல ஏறணும்னா ஓட்டப்பந்தய ஷூ மாதிரி வளையற சோலும் வேண்டாம், பாதம் முழுக்கக் கல்லு குத்தி சாயங்காலம் நிக்க முடியாது. பூட்ஸைக் கையில பிடிச்சு முறுக்கிப் பாருங்க, விரல் மடங்கற இடத்துல மட்டும் வளைஞ்சு நடுப்பகுதி விறைப்பா நிக்கணும். அப்புறம், உயரமா இருந்தா கணுக்கால் பிசகவே பிசகாதுன்னு நம்பிடாதீங்க, கொஞ்சம் தாங்கும், மீதி உங்க கால் பலம்தான்.

சிமெண்ட் தரையில பரேடு, கேட் டியூட்டின்னு மணிக்கணக்கா நிக்கறவருக்கு மலையேற்ற சோல் எதுக்கு? அவருக்குக் குஷன் வேணும், இன்சோலை மாத்தற வசதி வேணும். பூட்ஸோட வர்ற இன்சோல் பெரும்பாலும் சுமார்தான், வெளிய நல்லதா ஒண்ணு வாங்கிப் போட்டாலே பாதி வலி குறையும், ஆனா புது இன்சோல் தடிமனா இருந்தா மேல்பாதம் அழுந்தும், அதையும் போட்டுப் பார்த்துத்தான் சைஸ் முடிவு பண்ணணும்.

வண்டி ஓட்டறவருக்கு பெடல் உணர்ற மாதிரி கொஞ்சம் மெல்லிசான, அகலம் கம்மியான சோல். டேங்க்ல வேலைன்னா வார் வெச்சுக் கட்டற லெதர் பூட்ஸ் பழைய வழக்கம், ஏன்னா லேஸ் மெஷின்ல மாட்டும், தீப்பிடிச்சா நைலான் உருகித் தோல்ல ஒட்டும். விமானத்தை ஓட்டற குழுவுல இருக்கறவங்களும் அதே தீ காரணத்துக்காகத்தான் நைலான் அதிகம் இருக்கற பூட்ஸைத் தவிர்க்கறாங்க. ரன்வே பக்கம் வேலை செய்யறவங்க ஆழமான பள்ளம் இருக்கற சோல் போடக் கூடாது, அதுல சிக்கின கல்லு விழுந்து எஞ்சினுக்குள்ள இழுத்துட்டுப் போனா பெரிய ஆபத்து. கப்பல்னா ஆயில்லயும் ஈர இரும்புத் தரையிலயும் வழுக்காத சோல், ஏணியில பிடிக்க ஒரு தெளிவான ஹீல். எரிபொருள், வெடிமருந்து கிட்ட வேலைன்னா உடம்புல சேர்ற ஸ்டாட்டிக் கரண்டை தரைக்கு இறக்கற பூட்ஸ் வேணும், மின்சார வேலைன்னா அதுக்கு நேர் எதிரா கரண்டைத் தடுக்கற பூட்ஸ் வேணும். பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், லேபிளைப் படிச்சு எடுங்க, இதை மாத்திப் போட்டா உயிருக்கே ஆபத்து. கனமான சாமான் தூக்கற ஸ்டோர்ஸ், வொர்க்‌ஷாப் ஆளுங்களுக்கு பாதுகாப்பு ஷூவுக்கான சர்வதேச தரமான ஐ.எஸ்.ஓ 20345 முத்திரை உள்ளதைப் பாருங்க, அதோட டோ 200 ஜூல் அடியைத் தாங்கணும்ங்கறது விதி. எதை வாங்கறதுக்கு முன்னாடியும் உங்க யூனிட்ல கலர், உயரம், ஜிப் இதுக்கெல்லாம் என்ன ரூல்னு கேட்டுக்கோங்க.

சாக்ஸைப் பத்தி சொல்லாம விட்டா பதில் முழுசா ஆகாது. பருத்தி சாக்ஸ் வேண்டாம், ஈரத்தைக் குடிச்சுட்டு அப்படியே வெச்சிருக்கும். கம்பளியும் நைலானும் கலந்தது வெயிலுக்கு மெல்லிசா, குளிருக்குத் தடியா. கொப்புளம் அடிக்கடி வர்ற காலா இருந்தா உள்ள ஒரு மெல்லிய வழவழப்பான லைனர் சாக்ஸ், அதுக்கு மேல கம்பளி, அப்போ உரசல் ரெண்டு சாக்ஸுக்கு நடுவுல நடக்கும், தோல் தப்பிச்சுக்கும். ஓய்வு கிடைக்கும்போது ஷூவைக் கழட்டி காலைத் துடைச்சு மாத்துங்க. எங்கயாவது சுள்ளுன்னு சூடா தெரிஞ்சா அப்பவே நின்னு டேப் ஒட்டுங்க, கொப்புளம் வந்தப்புறம் ஒட்டி என்ன பிரயோஜனம்?

லேஸ் கட்டறதுலயும் நிறைய சரி பண்ணலாம். மேல்பாதத்துல ஒரு இடத்துல அழுந்தினா அந்த இடத்துல மட்டும் குறுக்கே போடாம பக்கவாட்டுலயே அடுத்த ஓட்டைக்குக் கொண்டு போங்க. குதிகால் தூக்கினா கணுக்கால் மடங்கற இடத்துல லேஸை ரெண்டு சுத்து முறுக்கி இறுக்கிட்டு மேல போங்க, கீழ தளர்வு மேல இறுக்கம்னு தனித்தனியா வெச்சுக்கலாம். குளிர்ல ரொம்ப இறுக்காதீங்க.

புது பூட்ஸை ட்ரெய்னிங் முதல் நாள்ல போட்டுட்டுப் போறதைத்தான் நான் ரொம்ப வருத்தத்தோட பார்த்திருக்கேன், சாயங்காலம் சாக்ஸைக் கழட்டும்போது குதிகால் தோலும் சேர்ந்து வரும். முழு லெதர்னா ரெண்டு மூணு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சு, முதல்ல வீட்டுக்குள்ள ஒரு மணி நேரம், அப்புறம் வெளிய, அப்புறம் மூட்டையோடன்னு ஏத்துங்க. வீட்டுக்குள்ள மட்டும் போட்டுப் பார்த்த வரைக்கும் மாத்திக்கவும் முடியும். நைலான் கலந்தது சில நாள்லயே பழகிடும்.

முடிஞ்சா ரெண்டு ஜோடி வெச்சு மாத்தி மாத்திப் போடுங்க. அதுதான் உங்க கேள்விக்கு நான் கொடுக்கற நடைமுறை பதில், வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் மெம்ப்ரேன் இல்லாத ஒரு லைட் ஜோடி, குளிருக்கும் குளிர்மழைக்கும் மெம்ப்ரேன் உள்ள ஒரு ஜோடி. ஒண்ணுக்குத்தான் வழின்னா முதல்ல சொன்ன லைட் ஜோடியை எடுத்துட்டு மிச்ச காசை நல்ல சாக்ஸ்ல போடுங்க, கடும்பனி ஏரியாவுக்குப் போறவங்களுக்கு மட்டும் இது பொருந்தாது, அவங்களுக்கு அதுக்கான பூட்ஸ் தனியா வேணும்.

நனைஞ்ச பூட்ஸை அடுப்பு, ஹீட்டர் கிட்ட வைக்காதீங்க, லெதர் வெடிக்கும், ஒட்டு விடும். இன்சோலை எடுத்துட்டு உள்ள பேப்பரைத் திணிச்சு நிழல்ல காத்தாட வெச்சு, பேப்பர் நனைஞ்சதும் மாத்துங்க. நல்லா இருக்கேன்னு நாலஞ்சு ஜோடி வாங்கி அடுக்கியும் வைக்காதீங்க. பாலியூரிதேன் மிட்சோல் (அடி சோலுக்கு மேல இருக்கற நுரை மாதிரி நடு லேயர்) இருக்கற பூட்ஸ் போடாம பெட்டிக்குள்ள சும்மா இருந்தாலே காத்துல இருக்கற ஈரத்தால பல வருஷத்துல உள்ளுக்குள்ள சிதைஞ்சுடும், பார்க்கப் புதுசா இருக்கும், போட்டு நடந்தா சோல் தூள் தூளா உதிரும். பழைய ஸ்டாக், ராணுவம் மிச்சம்னு விக்கற சர்ப்ளஸ்ல எடுக்கும்போது தயாரிச்ச வருஷத்தைப் பாருங்க, மிட்சோலைக் கட்டைவிரலால அழுத்தி, சோலை நல்லா மடக்கிப் பாருங்க, பிசுபிசுன்னு இருந்தாலோ வெடிப்பு தெரிஞ்சாலோ எவ்வளவு கம்மி விலைக்கு வந்தாலும் வேண்டாம்னு வெச்சிடுங்க.